ஊர் டாக்டர் லீவு போட்டால்?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் குடும்ப மருத்துவராக இருக்கும் என் மகன், ஒரு குக்கிராமத்துக்குச் சில வாரம் ‘லோக்கம்’ டாக்டராகப் போகிறானாம். தனியாகச் சமாளிப்பானா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: தனியாகவா? இல்லைம்மா. லோக்கம் என்பது ஊர் டாக்டர் லீவிலோ பயிற்சியிலோ இருக்கும்போது அவருக்குப் பதிலாகப் பார்ப்பது. லீவே கிடைக்காவிட்டால் அந்த டாக்டரும் ஒருநாள் மூட்டை கட்டிவிடுவார் என்பதால்தான் இதற்கென்றே அரசுத் திட்டம் வைத்திருக்கிறார்கள். அங்கே ஓர் ஊர் எவ்வளவு ஒதுக்குப்புறம் என்று காட்டும் ‘மோனாஷ்’ அளவுகோலில் பெருநகரம் 1, மிகத் தொலைவான இடம் 7. போகிற ஊர் எந்த எண் என்று மகனிடம் கேளுங்கள், பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். ஆபத்தான நோயாளியை விமானத்தில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக, 1928இல் குயின்ஸ்லாந்தின் குளோன்கரியில் தொடங்கிய பறக்கும் டாக்டர் சேவை இருக்கிறது.

ஆனால் விமானத்தைவிட முக்கியம் முதல் நாள்தான். எந்த மருந்து இருப்பில் இருக்கிறது, நடுராத்திரியில் எந்த நிபுணரை போனில் பிடிப்பது, வாரத்தில் எத்தனை இரவு டியூட்டி, இதையெல்லாம் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம், அங்குள்ள சீனியர் நர்ஸ் சொல்வதைக் கேட்கச் சொல்லுங்கள், ஊர் முழுக்க அவருக்கு அத்துப்படியாக இருக்கும்!