கூர் அலையைவிடக் கைநழுவும் டம்ளர் முக்கியம்

பள்ளி இறைவணக்கத்தில் மயங்கி விழுந்த உங்கள் 16 வயது மகளின் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) அறிக்கையில் ‘இடது பொட்டுப் பகுதியில் கூர் அலைகள்’ என்றிருப்பதைப் படித்து, இணையத்திலும் தேடிவிட்டு, இது ஆயுள் முழுவதும் தொடரும் வலிப்பு நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அலைகளுக்காக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. மூளை அலையின் உயரம் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரைதான். பல்லைக் கடித்தாலே தாடைத் தசையின் மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும், தலையில் எண்ணெய் இருந்தால் அலையைப் பதிய ஒட்டும் மின்முனை சரியாக ஒட்டாமல் பொய்க் கூர்முனைகள் தோன்றும். மூளையிலிருந்தே எழும் கூர் அலை, பக்கத்து மின்முனைகளிலும் படிப்படியாகக் குறைந்து பதியும். நீங்கள் அனுப்பிய பக்கங்களிலோ அவை ஒரே ஒரு மின்முனையில், அதுவும் தசை இறுகிய நேரத்தில் மட்டுமே தெரிகின்றன.

சாப்பிடாமல் வெயிலில் நின்று, கண் இருண்டு விழுந்து, உடனே தெளிந்து எழுந்தது சாதாரண மயக்கமாகவே தோன்றுகிறது. ஒருமுறை இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள், போதும்.

ஆனால் கடிதத்தின் கடைசியில், ‘தேர்வுக்காக இரவில் விழித்துப் படிக்கிறாள், காலையில் காப்பி டம்ளரைத் தெறிக்க விடுகிறாள், கவனமே இல்லை’ என்று குறைப்பட்டிருக்கிறீர்களே, நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அதுதான். விழித்தெழுந்த சிறிது நேரத்தில் கை வெட்டி இழுத்துப் பொருள் தெறிப்பது, இந்த வயதில் தொடங்கும் ‘ஜுவனைல் மயோகுளோனிக் எபிலெப்சி’ என்ற வலிப்பு வகையின் முதல் அடையாளமாக இருக்கலாம், தூக்கக் குறைவு அதைத் தூண்டிவிடும். பிள்ளையைத் திட்டியே மாதங்களைக் கடத்திவிட்டு, முழு வலிப்பு வந்த பிறகு ஓடிவரும் பெற்றோரைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

உறவினர் பையனின் கார்பமாசெபின் என்ற வலிப்பு மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாள் கொடுத்தது பெரிய தவறு. இந்த வகை வலிப்பில் அம்மருந்து வெட்டி இழுப்பதை அதிகமாக்கக்கூடும். இனி கொடுக்காதீர்கள், கொடுத்ததை மருத்துவரிடம் மறைக்கவும் செய்யாதீர்கள்.

காலை வேளைகளில் அவள் கைகளைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எண்ணெயின்றித் தலை குளித்து, அவர் சொல்லும் அளவுக்குத் தூக்கத்தைக் குறைத்து, உறங்கி விழிக்கும் வரை பதிவு செய்யும் இ.இ.ஜி.யை அவர் மீண்டும் எடுக்கச் சொல்லக்கூடும். இந்நோய் இருந்தால் இரு பக்கமும் ஒருசேர எழும் கூர்முனைக் கொத்துகள் அதில் பிடிபட வாய்ப்பு அதிகம். உறுதியானாலும் இது மருந்துக்கு நன்கு கட்டுப்படும் வகை. படிப்போ திருமணமோ இதனால் நின்றுவிடாது. மருத்துவரைப் பார்க்கும் வரை இரவில் நன்றாகத் தூங்கட்டும், நீர்நிலைகளில் தனியாக இறங்க வேண்டாம். முழு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.