ஆனைமலைத் தோப்பில் மூன்று இரவு: எங்கே போகலாம், எதை விடலாம்?

சென்னையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "காலாண்டு விடுமுறையில் ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புப் பண்ணை வீட்டில் மூன்று இரவு தங்கப் போகிறோம். நானும் கணவரும், 13 வயது மகள், 9 வயது மகன், கூடவே 70 வயது அத்தை. அத்தைக்கு மூட்டு வலி. சொந்தக் கார் இல்லை, கோவை வரை ரயிலில் வருகிறோம். டாப்ஸ்லிப், பரம்பிக்குளம், வால்பாறை, அதிரப்பள்ளி, ஆழியாறு, திருமூர்த்தி மலை, அமராவதி அணை என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் முடியுமா? எந்த வரிசையில் போகலாம்?"

முடியாதும்மா. மூன்று இரவு என்றால் கையில் இருப்பது இரண்டு முழு நாட்களும் இரண்டு அரை நாட்களும்தான். உங்கள் பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஓடினால் அத்தை காரிலேயே உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் ஜன்னலோரம் தூங்குவார்கள், பணம் கொடுத்து எடுத்த தோப்பை யாரும் பார்த்திருக்கமாட்டீர்கள். வால்பாறை, அதிரப்பள்ளி, பரம்பிக்குளம், அமராவதி நான்கையும் இந்தமுறை அடித்துவிடுங்கள். ஆனைமலையைச் சுற்றி ஒரு நாள் காடு, ஒரு நாள் அணை, மீதி நேரம் தோப்பும் வாய்க்காலும். இதுதான் என் கணக்கு.

முதலில் பயணம். கோவை வரை போக வேண்டிய அவசியமே இல்லை. சென்னை சென்ட்ரலில் இரவு புறப்படும் பாலக்காடு எக்ஸ்பிரஸ் திண்டுக்கல், பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சிக்கே காலையில் வந்துவிடும். அங்கிருந்து ஆனைமலை சுமார் 15 கிலோமீட்டர். டாக்சி பிடித்தால் அரை மணி நேரத்து வேலை. கோவை ரயிலில்தான் டிக்கெட் கிடைத்தது என்றாலும் பரவாயில்லை, உக்கடத்திலிருந்து பொள்ளாச்சிக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. ஆனால் பெட்டி, அத்தை, பிள்ளைகளோடு அந்த 40 கிலோமீட்டருக்குக் காரே நல்லது. இரண்டு முழு நாளுக்கான வண்டியைப் பண்ணை வீட்டுக்காரரிடமே சொல்லி உள்ளூர் டிரைவரோடு எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் செக்போஸ்ட் எப்போது மூடும், எந்தப் பாதையில் நேற்று யானை நின்றது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

வந்து சேரும் நாளில் எங்கும் கிளம்ப வேண்டாம். தோப்பையே பாருங்கள். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு என்றால் வெறும் தென்னை மட்டுமல்ல. நிழலில் ஜாதிக்காயும் கோக்கோவும் ஊடுபயிராக நிற்கும். கோக்கோ காய் கிளையில் மட்டுமில்லாமல் அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்த்திருப்பதைப் பார்த்தால் உங்கள் மகன் நம்பமாட்டான். பழுத்து வெடித்த ஜாதிக்காய் ஒன்றைக் கீழே தேடி எடுக்கச் சொல்லுங்கள். மஞ்சள் தோல் பிளந்து, உள்ளே கருப்புக் கொட்டை, அதன்மேல் சிவப்பு வலை போலச் சுற்றியிருக்கும் ஜாதிபத்திரி. பிரியாணிக்குப் போடுகிற ஜாதிபத்திரி, காய்வதற்கு முன் இவ்வளவு சிவப்பாக இருக்கும் என்பது நகரத்தில் பலருக்குத் தெரியாது.

அப்புறம் தென்னை ஓலையையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் வெள்ளை மாவு சுருள் சுருளாக ஒட்டியிருக்கலாம், மேல்பக்கம் கரி பூசியது போல இருக்கலாம். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயின் வேலை அது. இந்தியாவில் இந்த ஈ முதன்முதலில் கண்டறியப்பட்டது 2016-ல், இதே பொள்ளாச்சி வட்டாரத்தில்தான். பூச்சி கழிக்கும் இனிப்பு நீர் கீழ் ஓலைகளில் சொட்ட, அதில் கரும்பூஞ்சை படர்கிறது. அதோடு கேரள வாடல் நோயும் சேர்ந்து, பல தோட்டங்களில் காய்க்கிற மரங்களையே வெட்ட வேண்டி வந்திருக்கிறது. பண்ணை வீடுகள் இங்கே பெருகியதற்கு இந்த வருமான இழப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தோட்டத்துக்காரரிடம் மரத்தைப் பற்றிக் கேளுங்கள். அறை எப்படி, சாப்பாடு எப்படி என்பதைவிட இதைக் கேட்டால் மனம்விட்டுப் பேசுவார். காய் பறிப்பு ஏறக்குறைய 45 நாளுக்கு ஒருமுறை நடக்கும். நீங்கள் தங்கும் நாட்களில் பக்கத்துத் தோப்பிலாவது பறிப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். நீளமான மூங்கில் கழியில் அரிவாளைக் கட்டி, கீழே நின்றபடியே குலையை அறுத்துத் தள்ளுவார்கள். பிள்ளைகளைத் தூரமாக நிறுத்திப் பார்க்கலாம்.

மாலையில் வெயில் தாழ்ந்ததும் வாய்க்கால் கரைக்குப் போங்கள். இங்கே இரண்டு விதமான வாய்க்கால் உண்டு. ஒன்று பழைய ஆயக்கட்டு வாய்க்கால். பள்ளிவிளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, பெரியணை, வடக்கலூர் என்று ஐந்து. ஆழியாறு அணை வருவதற்கு முன்பிருந்தே ஆற்றுத் தண்ணீரை எடுத்துச் சுமார் 6,400 ஏக்கருக்குப் பாய்ச்சியவை. தென்னைக்கு நடுவே திடீரென்று நெல் வயலும் கொக்கும் தென்படுகிறதென்றால் அது இந்த வாய்க்கால்களின் பகுதி. நிழலும் சமதரையுமான இடமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டால் அத்தையும் மெதுவாக நடக்கலாம். இன்னொன்று பிஏபி எனப்படும் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் கால்வாய். அகலமானது, சிமென்ட் பூசியது.

அதில் இறங்கக் கூடாது என்பதை மட்டும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பார்க்க அமைதியாகத்தான் ஓடும். ஆனால் சரிவான சிமென்ட் கரையில் பாசி பிடித்திருக்கும். கால் வழுக்கி உள்ளே போனவர் பிடித்து ஏற எதுவுமே இருக்காது, இழுப்பும் பலமாக இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்வது இப்படித்தான். ஆழியாற்றிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மணல் அள்ளிய குழிகளும் பாறை இடுக்குகளும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. குளிக்க ஆசையென்றால் தோட்டத்து மோட்டார் ரூமில் தொட்டியை நிரப்பச் சொல்லுங்கள். பம்ப்செட் தண்ணீரில் மணிக்கணக்காக ஆடலாம்.

இரண்டாம் நாள் காடு, அதாவது டாப்ஸ்லிப். வால்பாறையை விட்டுவிட்டு இதை ஏன் சொல்கிறேன் என்றால், வால்பாறை போய் வர 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அதே 40-ல் இறங்க வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து ஒரு வழிக்கே சுமார் 65 கிலோமீட்டர். மூட்டு வலிக்காரரை ஒரே நாளில் அப்படி அலைக்கழிக்க வேண்டாம். வால்பாறையில் தேயிலைக்கு நடுவே இரண்டு இரவு தங்க வேண்டும், அதற்குத் தனியாக ஒருமுறை வாருங்கள். டாப்ஸ்லிப்புக்கு ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் பக்கமாகப் போய் சேத்துமடை செக்போஸ்ட்டில் ஏறினால் மலைப்பாதை குறைவு.

காலையிலேயே செக்போஸ்ட்டில் நிற்கும்படி கிளம்புங்கள். இது ஆனைமலைப் புலிகள் காப்பகம், உங்கள் வண்டி டாப்ஸ்லிப் வரைதான். அதற்கு மேல் வனத்துறை வண்டியில்தான் காட்டுக்குள் கூட்டிப்போவார்கள். கோழிகமுத்தி யானை முகாமுக்கும் அப்படியே. யானைகளுக்கு உணவு கொடுக்கும் நேரத்தை விசாரித்து அதற்கேற்ப டிக்கெட் எடுத்தால் நல்லது. ராகியும் கொள்ளும் வேகவைத்து உருட்டிய பெரிய கவளத்தைப் பாகன் யானையின் வாய்க்குள் வைப்பதைப் பிள்ளைகள் கிட்ட நின்று பார்க்கலாம். இங்குள்ள பாகன்கள் பெரும்பாலும் மலசர் பழங்குடியினர், தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழ்பவர்கள். போட்டோ எடுக்கும்முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சஃபாரியில் புலி வரும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள். காட்டெருது, புள்ளிமான், மயில் இவை தெரிந்தால் நல்ல நாள். காடு அடர்ந்தது, விலங்கு பத்தடி தள்ளி நின்றாலும் மறைந்துவிடும். ஆனால் மகளுக்கு ஒரு விஷயம் சொல்லலாம். டாப்ஸ்லிப்பின் தேக்கு மரங்களில் பெரும்பகுதி தானாக முளைத்ததல்ல. கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் என்று ஆங்கிலேயர்கள் வெட்டி மொட்டையாக்கிய மலை இது. ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி கைத்தடியால் குழி போட்டு விதை ஊன்றி நடந்ததாக இங்கே சொல்வார்கள். அவர் காட்டை மீட்க எடுத்த முயற்சியும், டாப்ஸ்லிப் பக்கத்து மௌண்ட் ஸ்டூவர்ட்டில் தேக்குக்கு நடுவே இருக்கும் அவரது கல்லறையும் உண்மை. ஒரே மரம் வரிசையாக நிற்கும் தேக்குத் தோட்டத்தையும், பல அடுக்காக நெருங்கி நிற்கும் இயற்கைக் காட்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தால் வித்தியாசம் அவளுக்கே புரியும்.

கனமழை நாட்களிலும் காட்டுத்தீ சமயத்திலும் டாப்ஸ்லிப்பை மூடிவிடுவதுண்டு. முதல் நாள் மாலையே வனத்துறையிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மூடியிருந்தால் அந்த நாளைத் திருமூர்த்தி மலைக்குக் கொடுக்கலாம். அடிவாரத்து அமணலிங்கேஸ்வரர் கோயிலுக்கு அத்தை சிரமமில்லாமல் போய்வரலாம். மேலே பஞ்சலிங்க அருவிக்குப் பாறைப் பாதையில் ஏற வேண்டும், அது அவருக்கு வேண்டாம். மலையில் பெரிய மழை என்றால் தோணியாறு பொங்கிக் கோயிலுக்குள்ளேயே வெள்ளம் வரும். அப்படிப்பட்ட நாளில் அங்கும் போகாதீர்கள்.

மூன்றாம் நாளைக் காலையில் மாசாணியம்மன் கோயிலில் ஆரம்பியுங்கள். ஆனைமலை ஊருக்குள்ளேயே இருக்கிறது. அம்மன் இங்கே சயனித்த கோலம், தலை தெற்கே. செவ்வாய், வெள்ளி, அமாவாசை நாட்களில் கூட்டம் நெரியும், புரட்டாசியில் மகாளய அமாவாசை வந்தால் கேட்கவே வேண்டாம். காலண்டரைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். கோயிலில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவதைப் பார்ப்பீர்கள். நகை திருடு போனவர், கொடுத்த கடன் திரும்பாதவர், ஏமாற்றப்பட்டவர் நியாயம் கேட்டு அரைப்பது. அந்த முகங்களில் இருக்கும் ஆற்றாமை நிஜம். வேடிக்கையாகப் படம் பிடிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

அங்கிருந்து ஆழியாறு. அணை, பூங்கா, பக்கத்திலேயே வேதாத்திரி மகரிஷியின் அறிவுத் திருக்கோயில். அத்தை அங்கே அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். மதியத்துக்கு அணை மீன் வறுவல் கடைகள் இருக்கின்றன. கண்ணெதிரே வறுத்துத் தருவதை வாங்குங்கள், ஆறிக் கிடப்பதை வேண்டாம். கவியருவி என்கிற குரங்கு அருவி வால்பாறை ரோட்டில் கொஞ்சம் மேலே. தண்ணீர் அதிகமானால் வனத்துறை குளிக்க விடாது. குரங்குகள் கைப்பையைப் பிடுங்கும், தின்பண்டத்தைக் காரிலேயே பூட்டிவிடுங்கள். குரங்குக்கு எதுவும் போடாதீர்கள்.

முடிந்தால் அப்படியே ஒன்பதாவது கொண்டை ஊசி வரை ஏறுங்கள். லோம்ஸ் வியூ என்பார்கள். நாற்பதில் ஒன்பதுதான், அத்தையால் தாங்க முடியும். அங்கிருந்து ஆழியாறு அணை முழுசாகத் தெரியும், அதற்கப்பால் தோப்புகள். அதிர்ஷ்டம் இருந்தால் நம் மாநில விலங்கான வரையாடு ரோட்டோரச் சுவரிலேயே நிற்கும். முதல் நாள் நடந்த வாய்க்கால் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் காட்டலாம். ஆழியாறு மேற்கே கேரளாவுக்குள் ஓடிப் பாரதப்புழையில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகும் ஆறு. இந்த மலைகளில் பெய்து மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீரில் ஒரு பங்கை அணைகளும் சுரங்கங்களும் போட்டுக் கிழக்கே திருப்பியதுதான் பிஏபி. இதற்கான தமிழ்நாடு - கேரள ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தாகி, 1958 நவம்பரிலிருந்தே அமலானதாகக் கணக்கிடப்பட்டது. பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் நீங்கள் பார்க்கும் பசுமையில் பெரும்பங்கு இந்தத் தண்ணீரால் வந்தது.

ஒரு முக்கியமான விஷயம். வால்பாறைக்குப் போகும் வண்டிகளுக்கு 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் கட்டாயம். நீங்கள் ஒன்பதாவது வளைவோடு திரும்புவதாக இருந்தாலும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், செக்போஸ்ட்டில் வாதாட வேண்டியிருக்காது. பிளாஸ்டிக் பைகளையும் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிடுங்கள். ஆழியாறு, நவமலைப் பக்கம் மாலையில் யானைகள் தண்ணீருக்கு ரோட்டைக் கடக்கும். யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், இறங்காமல், தூரமாக நிறுத்திக் காத்திருக்க வேண்டும். டிரைவருக்குத் தெரியும், அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

கிளம்பும் நாள் வியாழக்கிழமையாக அமைந்தால் பொள்ளாச்சிச் சந்தையைப் பாருங்கள். மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். பேரம் பேசுவோர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை சொல்வதைப் பிள்ளைகள் கவனிக்கட்டும். நாட்டு வெல்லம், தேங்காய் எண்ணெய் வாங்கிக்கொள்ளலாம். உங்களுக்கு ஆர்வமிருந்தால் நெகமத்துக்கும் போகலாம். பருத்திப் புடவை நெசவுக்குப் பேர்போன ஊர், பொள்ளாச்சிக்குப் பக்கம்தான்.

பண்ணை வீட்டுக்காரருக்கு இன்றே போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். அத்தைக்குத் தரைத்தளத்தில் அறையும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் உண்டா? கரண்ட் போனால் இரவில் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இருக்கிறதா? தோப்பில் மருந்தடிக்கும் நாள் எது? ரயில் டிக்கெட்டுக்கு 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். ஆயுத பூஜைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும் என்பதால், திறக்கிற அன்று காலையிலேயே போகவும் வரவும் இரண்டையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். அத்தைக்குக் கீழ்ப்படுக்கை கேட்க மறக்க வேண்டாம்.