பைக்கில் போன் சார்ஜர்: வயர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்கிறேன். பேரணாம்பட்டு, ஆம்பூர், வேலூர் என்று தினமும் பைக்கில்தான் சுற்று. போனில் மேப்பும் பணம் வாங்கும் ஆப்பும் ஓடிக்கொண்டே இருப்பதால் மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. இரண்டு மாதம் முன்பு 350 ரூபாய்க்கு ஹேண்டில்பாரில் மாட்டும் யு.எஸ்.பி. சார்ஜர் வாங்கி, கடையிலேயே பொருத்திக்கொண்டேன். அதிலிருந்து, மூன்று நாள் வெளியூர் போய்விட்டு வந்தால் வண்டி செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் மெக்கானிக். வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன் இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, சார்ஜரின் ரப்பர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே நீல விளக்கோ, வோல்ட் காட்டும் சிவப்பு எண்ணோ எரிகிறதா? எரிந்தால் கடைக்காரர் வயரை நேராக பேட்டரியில் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு நட்டைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்துவிடும் என்பதால் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

போன் மாட்டாவிட்டாலும் அந்தச் சார்ஜர் சும்மா இருப்பதில்லை. என் வண்டியில் முன்பு இருந்த இதே மாதிரி சார்ஜரை மீட்டர் வைத்து அளந்தபோது 30 மில்லிஆம்பியர் இழுத்தது. கேட்கச் சின்னதாகத்தான் தெரியும். மூன்று நாள் என்றால் 72 மணி நேரம், கிட்டத்தட்ட 2.2 ஆம்பியர்-மணி போய்விடும். 100 சிசி வண்டிகள் பலவற்றில் இருப்பது 3 அல்லது 4 ஆம்பியர்-மணி பேட்டரிதான். பாதிக்கு மேல் காலியான பிறகு செல்ஃப் எப்படி எடுக்கும்?

அதனால் முதலில் பேட்டரியைக் கழற்றி, பேட்டரிக் கடையில் கொடுத்து, நிதானமாக முழுச் சார்ஜ் போடச் சொல்லுங்கள். சில மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அப்புறம் செல்ஃப் அடிக்கும்போதும் மீட்டரைப் பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கினால் மெக்கானிக் சொல்வது சரி. லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி அடிமட்டம் வரை காலி செய்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து நிரந்தரமாகவே கெட்டுவிடும். இரண்டு மாதத்தில் அது நடந்திருக்கவும் கூடும். ஆனால் வயரிங்கைச் சரிசெய்யாமல் புதுப் பேட்டரி போட்டால் அதற்கும் இதே கதிதான்.

சரி, வயரிங் எப்படி இருக்க வேண்டும்? சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். எல்லா வண்டியிலும் அப்படி ஒரு வயர் இருக்கும், ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு டெஸ்ட் லைட் வைத்துக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். அடுத்தது பியூஸ். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடாதீர்கள்.

சில வருடம் முன்பு பள்ளிகொண்டா பக்கம் ஹைவேயில் போய்க்கொண்டிருந்தபோது டேங்குக்கு முன்னாலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. ஓரம் கட்டி ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தால், சார்ஜர் வயர் ஃபிரேமில் உரசி உரசித் தோல் கிழிந்து, செம்பு வெளியே தெரிந்தது. அதைச் சுற்றியிருந்த டேப் உருகிப் பிசினாக விரலில் ஒட்டியது. அதற்கு மேலே ஒரு சாண் தூரத்தில் பெட்ரோல் டேங்க். வயர் ஹாரன் லைனிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அந்த லைனைக் காப்பது வண்டியின் 10 ஆம்பியர் பியூஸ். சார்ஜருடன் வந்ததோ நூல் மாதிரி வயர். 10 ஆம்பியர் பியூஸ் போவதற்குள் வயர் பழுத்துவிடும். பியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான், எனவே அது வயரின் தடிமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஒரு போன் சார்ஜருக்கு 2 அல்லது 3 ஆம்பியர் போதும். வயர் பிரியும் இடத்திலிருந்து ஒரு சாணுக்குள் அது இருக்கட்டும். சார்ஜர் பக்கத்தில் வைத்தால், இடையில் உள்ள அவ்வளவு வயருக்கும் காவல் இல்லை.

வேலை முடிந்ததும் காசு கொடுப்பதற்கு முன் ஹேண்டிலை இடது கடைசி வரை, வலது கடைசி வரை திருப்பிப் பாருங்கள். கழுத்துப் பக்கம் வயர் இழுபடவோ நசுங்கவோ கூடாது. வண்டி வாரண்டியில் இருந்தால் வெளிக்கடையில் வயரை வெட்ட விடாமல், ஷோரூமில் கம்பெனி சாக்கெட் கிடைக்குமா என்று கேளுங்கள்.

கேள்வி: காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கிறேன். நண்பர்களோடு ஏலகிரி, ஜவ்வாது மலை என்று போவோம். 1,200 ரூபாய்க்கு 33 வாட் ஃபாஸ்ட் சார்ஜர், வாட்டர் புரூஃப் என்று போட்டிருக்கிறான். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. வெளிச்சத்தை முழுக்க வைத்து மேப் ஓட்டினாலும் போன் செலவழிப்பது சில வாட்தான். 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 10 வாட் தரும் சாதாரண சார்ஜரே மிச்சம் வைக்கும். நம் ஊர் சித்திரை வைகாசி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அதில் கறுப்பு ஹோல்டரில் போனை வைத்து, மேப்பும் ஓட்டி, ஃபாஸ்ட் சார்ஜும் போட்டால் போன் சூடு தாங்காமல் தானே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் கிடைக்காது, போன் பேட்டரி உப்பும் வாய்ப்புதான் கூடும். ஐபோனையே 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள்.

வாட்டர் புரூஃப் என்பது மூடி மூடியிருக்கும்போதுதான். கேபிள் சொருகினால் மூடி திறந்துதானே இருக்கும்? ஐப்பசி மழையில் கேபிளைக் கழற்றி, மூடியை அழுத்தி, போனைப் பைக்குள் வையுங்கள். ஈரம் ஏறிய போர்ட்டில் கரண்ட் போனால் உள்ளே உள்ள ஊசிகள் அரித்துவிடும்.

இன்னொன்று, இன்ஜின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021-லேயே எச்சரித்திருக்கிறது. படம் ஆடாமல் இருக்க லென்ஸை மிதக்கவிடும் அமைப்பு உள்ள எந்த போனுக்கும் இதை நினைவில் வைப்பது நல்லது. மிச்சமாகும் பணத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டர் வாங்குங்கள்.

கேள்வி: ஆற்காட்டிலிருந்து ராணிப்பேட்டைக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறேன். வயரை வெட்டவே பயமாக இருக்கிறது. பவர் பேங்க் வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அந்தத் தூரத்துக்குப் பவர் பேங்க்தான் நல்ல யோசனை. சீட்டுக்கு அடியில் மட்டும் வேண்டாம். மேலே வெயில், கீழே இன்ஜின் சூடு, நடுவே மூடிய பெட்டி. லித்தியம் பேட்டரிக்கு அதைவிடக் கெட்ட இடம் வண்டியில் இல்லை. கைப்பையில் வையுங்கள், ஆபீசில் இறங்கும்போது கையோடு எடுத்துப் போங்கள். உப்பியிருந்தால் அதற்குப் பிறகு சார்ஜ் போடவே கூடாது.

வாங்கும்போது அட்டையில் 10,000 என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்று 6,000 சொச்சம் இருக்கும், போனுக்குள் போவது ஏறக்குறைய அவ்வளவுதான். அது ஏமாற்று வேலை இல்லை. உள்ளே 3.7 வோல்ட்டில் இருப்பதை 5 வோல்ட்டாக ஏற்றும்போது, அதில் கொஞ்சம் சூடாக வீணாவதையும் சேர்த்தால், கணக்கு அப்படித்தான் வரும். அதைப் போடாமலே விற்கும் பொருளைத்தான் தள்ளி வைக்க வேண்டும். பி.ஐ.எஸ். (மத்திய அரசின் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் அதோடு ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். கடையில் நின்றபடியே ‘பி.ஐ.எஸ். கேர்’ ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று வந்துவிடும். பில் கேட்டு வாங்குங்கள். கெட்டுப்போன பொருளை மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டு அந்த பில்லை வைத்துப் புகார் கொடுக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே வழக்குக் கட்டணமே கிடையாது.