பெரிய டயரும் 2 இன்ச் லிஃப்ட்டும்: செலான் கட்டினால் போதுமா?

கேள்வி: நான் கோவையில் வசிக்கிறேன். 2021 மாடல் மஹிந்திரா தார் வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு கடையில் வண்டியின் உடலை உயர்த்தும் 2 இன்ச் லிஃப்ட் கிட்டும், 285/70 ஆர்17 அளவுப் பெரிய டயரும் போட்டேன். கம்பெனி கொடுத்தது 255/65 ஆர்18. "ஆர்.டி.ஓ. பிரச்சினை எதுவும் வராது சார்" என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பிலேயே எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் முன்பு வாகனத் தணிக்கையில் நிறுத்தி, டயருக்கு ஒன்று, லிஃப்ட்டுக்கு ஒன்று எனச் சேர்த்து 10,000 ரூபாய்க்குச் செலான் போட்டார்கள். இன்னும் கட்டவில்லை. அதற்கப்புறம் ஒரு மழைநாள் இரவு, வால்பாறையிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த பைக் சறுக்கி என் பக்கம் வந்துவிட்டது. பைக்கில் லேசாக உரசி, தடுப்புச் சுவரில் மோதி நின்றேன். பைக்கில் வந்த பையனுக்குக் கால் முறிவு. என் வண்டிக்கு 4 லட்சம் செலவு. சட்டவிரோதமாக வண்டியை மாற்றியிருக்கிறேன் என்று இன்சூரன்ஸ் கம்பெனி க்ளெய்மை நிராகரித்துவிட்டது. உயரமான வண்டி என்பதால் அந்தப் பையனின் நஷ்டஈடும் என் தலையில் விழும் என்கிறார்கள். 14 நாளில் ஆர்.டி.ஓ.விடம் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று நண்பர் சொல்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனி விவகாரங்கள் பின்னிக் கிடக்கின்றன. போக்குவரத்துத் துறை, இன்சூரன்ஸ் கம்பெனி, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஆகிய மூன்றும் உங்கள் டயரைப் பற்றி ஒரே கேள்வியைக் கேட்கப்போவதில்லை. ஓரிடத்தில் தோற்றால் மற்ற இரண்டிலும் தோற்றுவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் விஷயத்தில் முதலாவதில் வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டாவதில் நன்றாகவே வாதாடலாம். மூன்றாவதில் நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை.

செலானில் தொடங்குவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) இதற்குத் தண்டனை சொல்கிறது: 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "மாற்றம் ஒன்றுக்கு" என்று சட்டத்திலேயே இருப்பதால்தான் உங்களுக்கு 10,000 வந்தது. அதிகாரி கணக்கில் தவறில்லை.

நண்பர் சொன்ன 14 நாள் கணக்கும் 52-வது பிரிவில்தான் இருக்கிறது, மூன்றாவது உட்பிரிவில். ஆனால் எதை வேண்டுமானாலும் மாற்றிவிட்டு 14 நாளில் தகவல் சொன்னால் போதும் என்று அதற்கு அர்த்தமில்லை. கேரளாவில் அப்படி ஒரு வாதம் எழுந்து, உயர்நீதிமன்றமும் வாகன உரிமையாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆர்.டி.ஓ. எதிர் கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் அதை ரத்து செய்தார்கள். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரக்குறிப்பை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிறம் மாற்றுவது, அதே வகை இன்ஜினைப் போடுவது, சட்டப்படி எரிவாயு கிட் பொருத்துவது போன்றவற்றுக்கு வழி உண்டு. மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்காக வண்டியை மாற்றவும் தனி அனுமதி இருக்கிறது. லிஃப்ட் கிட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. "2 இன்ச் வரை அனுமதி" என்று கடைகளில் சொல்வார்கள். 52-வது பிரிவை எத்தனை முறை படித்தாலும் அதில் இன்ச் கணக்கே கிடையாது.

தனியார் காரின் ஆர்.சி.யில் டயர் அளவே அச்சாகவில்லையே, பிறகு எப்படி அது "மாறுபட்டது" என்று சொல்ல முடியும்? இந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் எழுப்பலாம், அபத்தமான வாதமில்லை. ஆனால் 182ஏ(4)-ன் சொற்கள் இன்னும் அகலமானவை. பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றுவதையும் அது பிடிக்கிறது. லிஃப்ட் கிட் விஷயத்தில் இந்த வாதம் கைகொடுக்காது. 10,000 ரூபாய்க்காக இதை நம்பி நீதிமன்றம் ஏறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏன் இத்தனை கண்டிப்பு என்பது உங்கள் வண்டியைப் பார்த்தாலே புரியும். பழைய டயரின் விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர், புதியது 831. ஆக்சில் 21 மில்லிமீட்டர் ஏறிவிட்டது. மேலே லிஃப்ட் கிட் 50. மொத்தத்தில் வண்டியின் உடல் 7 சென்டிமீட்டர் மேலே போய்விட்டது. புவியீர்ப்பு மையமும் கூடவே ஏறியிருக்கிறது. டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போவதால், மீட்டர் 80 காட்டும்போது நீங்கள் 84-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். கனமான சக்கரத்தை நிறுத்த அதே பழைய பிரேக். முன்சக்கரங்களுக்குத் திருப்புவிசையைக் கொண்டுபோகும் ஷாஃப்டுகளின் மூட்டுகள், வடிவமைத்ததைவிடக் கூடுதல் கோணத்தில் நாள் முழுக்கச் சுழல்கின்றன. கம்பெனி சோதனைக்குக் கொடுத்து ஒப்புதல் வாங்கியது பழைய டயரும் பழைய ஸ்பிரிங்கும் உள்ள வண்டிக்குத்தான்.

எஸ்டேட்டுக்குள்ளும் ஆஃப்ரோடு டிராக்கிலும் மட்டும் ஓட்டினால் பரவாயில்லையா என்று இதே போன்ற கேள்விகள் எனக்கு அடிக்கடி வருகின்றன. 52-வது பிரிவில் "பொது இடம்" என்ற சொல்லே இல்லை. பதிவு செய்த வண்டியை மாற்றினாலே அது பொருந்தும். நடைமுறையில் சாலையில்தான் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே செலானைக் கட்டிவிடுங்கள். 200-வது பிரிவின்படி இணக்கக் கட்டணம் செலுத்திவிட்டால் அந்தக் குற்றத்துக்கு மேல் நடவடிக்கை இருக்காது. ஆனால் 10,000 கட்டியதால் டயர் சட்டபூர்வமாகிவிடவில்லை. நாளைக்கே வேறொரு தணிக்கையில் அதே 10,000 மறுபடி வரலாம். அதைவிடப் பெரிய ஆபத்து 53-வது பிரிவு. குறையைச் சரிசெய்யும்வரை பதிவையே நிறுத்திவைக்க அதில் அதிகாரம் இருக்கிறது. அதற்கு முன்பு நோட்டீஸ் கொடுத்து உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் 57-வது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். வெறும் டயருக்காக வண்டியைப் பறிமுதல் செய்ய 207-வது பிரிவில் இடமில்லை. ஆனால் பதிவு நிறுத்தப்பட்ட வண்டியை ரோட்டில் எடுத்தால் அப்போது பிடித்து வைக்கலாம். நோட்டீஸ் எதுவும் வந்திருந்தால் பதில் போடாமல் விடாதீர்கள்.

டயரை எப்போது கழற்றுவது என்பதில் அவசரம் வேண்டாம். மோதிய வண்டி இப்போது சாட்சி. மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது நம்மூர் பிரேக் இன்ஸ்பெக்டர், வண்டியைப் பார்த்து அறிக்கை கொடுத்துவிட்டாரா என்று காவல் நிலையத்தில் கேளுங்கள். அந்த அறிக்கையின் கடைசியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: விபத்து வாகனத்தின் இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதா, இல்லையா. உங்கள் இன்சூரன்ஸ் வழக்கில் அந்த ஒரு வரிக்கு 4 லட்ச ரூபாய் மதிப்பு உண்டு. நகல் வாங்கிய பிறகு, எல்லாக் கோணத்திலும் தேதியோடு படம் எடுத்துக்கொண்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு, ஒரிஜினல் ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் மாற்றுங்கள். கழற்றிய பாகங்களைக் கேஸ் முடியும்வரை விற்காதீர்கள்.

இப்போது நிராகரிப்புக் கடிதத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய நகலில் "52-வது பிரிவை மீறியதால் பாலிசி பொருந்தாது" என்று ஒரே வாக்கியம்தான் இருக்கிறது. அது போதாது. மாற்றம் இருந்ததா என்பதோடு இங்கே கேள்வி முடிவதில்லை. அந்த மாற்றத்தால்தான் விபத்து நடந்ததா, சேதம் கூடியதா என்றும் பார்க்க வேண்டும். 1996-ல் பி.வி. நாகராஜு வழக்கில், சரக்கு வண்டியில் கூடுதலாக ஆட்களை ஏற்றியிருந்தும், அந்த மீறல் விபத்துக்குக் காரணமல்ல என்று உச்ச நீதிமன்றம் இன்சூரன்ஸ் தொகையைக் கொடுக்கச் சொன்னது. 2010-ல் அமலேந்து சாஹு வழக்கில், நிபந்தனை மீறல் இருந்தாலும் முழுவதையும் மறுக்காமல் ஒரு பகுதியையாவது தர வேண்டும் என்று சொன்னது. இதை "நான்-ஸ்டாண்டர்ட்" அடிப்படையில் தீர்ப்பது என்பார்கள். நடைமுறையில் 75 சதவீதம் வரை பேசலாம்.

உங்கள் பலவீனம் எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் எடுத்த படங்களில் ஒன்று, முன் இடது சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டு. அதில் பிறை வடிவத்தில் டயர் உராய்ந்து பளபளத்த தடம் தெளிவாகத் தெரிகிறது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் அங்கே இடிக்கிறது என்று அர்த்தம். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் கிட்டத்தட்ட முழு ஒடிப்பில்தான் இருக்கும். "டயர் இடித்ததால் வண்டி திரும்பவில்லை, சுவரில் போனது" என்று கம்பெனி சொல்லும். இதற்கு உங்கள் பதில் இரண்டு. பைக் உங்கள் பக்கம் வந்ததுதான் உடனடிக் காரணம் என்பது முதல் தகவல் அறிக்கையிலும் சம்பவ இட வரைபடத்திலும் பதிவாகியிருக்க வேண்டும். அடுத்து, உரிமம் பெற்ற வேறொரு சர்வேயரை வைத்து, இடிக்கிற கோணம் எது, விபத்தின்போது சக்கரம் இருந்த கோணம் எது என்று அளந்து அறிக்கை வாங்குங்கள். அதனால்தான் டயரை இப்போதே கழற்ற வேண்டாம் என்கிறேன்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில், பாலிசி ஒரு வாரம் லேப்ஸ் ஆகி, கம்பெனி ஆள் வந்து வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்த பிறகே புதுப்பித்தார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது லிஃப்ட் போட்ட பிறகு என்றால், உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான சங்கதி அதுதான். பெரிய டயரோடு வண்டியைப் பார்த்து, பிரீமியம் வாங்கி, பாலிசி கொடுத்தவர்கள் இப்போது தெரியாது என்று சொல்வது கடினம். அந்த இன்ஸ்பெக்‌ஷன் வீடியோவையும் சர்வேயர் அறிக்கையையும் எழுத்து மூலம் கேளுங்கள். கூடவே நிராகரிப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குக் கடிதம் போடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அங்கே கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்குக் கெடு 2 வருடம். ஆணையத்துக்கு முதலில் போய்விட்டால் ஆம்புட்ஸ்மன் கதவு மூடிவிடும், வரிசையை மாற்றாதீர்கள்.

கடைக்காரர்மீதும் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். சட்டச் சிக்கல் வராது என்று பொய்யான உறுதி கொடுத்து விற்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வைக்காமல், போனிலேயே அழிக்காமல் வையுங்கள். பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு கேட்கும், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். கொடுத்த பணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கலாம். விபத்துச் செலவு முழுவதும் கடையிடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சட்டம் தெரியாது என்று உரிமையாளர் சொல்வதை ஆணையம் ஓரளவுக்குத்தான் ஏற்கும்.

கடைசியாக அந்தப் பையன். மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி எந்தெந்தக் காரணங்களால் மறுக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-வது பிரிவு எண்ணி வைத்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாதது, பந்தயத்துக்கு ஓட்டியது, முக்கியத் தகவலை மறைத்து பாலிசி வாங்கியது போன்றவை அதில் உண்டு. வண்டியை மாற்றியது என்று தனியாக ஒரு காரணம் அதில் இல்லை. தகவலை மறைத்தீர்கள் என்று கம்பெனி சொல்லிப் பார்க்கலாம். அதற்கும் அந்த இன்ஸ்பெக்‌ஷன் வீடியோதான் பதில். பைக் சறுக்கியதில் அவர் தவறும் இருக்கலாம். ஆனாலும் கால் முறிவு போன்ற கொடுங்காயத்துக்கு, யார் தவறு என்று பார்க்காமலே 164-வது பிரிவில் 2.5 லட்சம் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்தால், கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டால், அதாவது நீங்கள் வராமலே வழக்கு முடிவானால், உங்கள் தரப்பைச் சொல்ல ஆள் இருக்காது. சம்மன் வந்த அன்றே நகலைக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கெல்லாம் முன்னால், பாலிசியின் முதல் பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்து அந்தப் பையன் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அலைந்துகொண்டிருக்கும் குடும்பத்துக்குப் பாலிசி எண்ணும் கம்பெனி பெயரும் தெரியாமலே மாதக்கணக்கில் மனு தாமதமாகிறது. அவர்கள் 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது.