பழைய கீபோர்டின் ஸ்டைல்கள் புதியதில் ஏன் வேறு மாதிரி ஒலிக்கின்றன?

யமஹாவின் பிஎஸ்ஆர் வரிசைக் கீபோர்டு வைத்திருந்தவர்கள் புதிய மாடலுக்கு மாறியதும் கேட்கிற கேள்வி இது. ஸ்டைல் என்பது இடது கையில் பிடிக்கும் கார்டுக்கு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுக்கு) ஏற்ப டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் தானாகக் கூடவே வாசிக்கும் பின்னணி. அந்தக் கோப்பில் ஒலி கிடையாது. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தம், எந்த எண்ணுள்ள வாய்ஸ் (கருவியின் ஒலி) என்ற மிடி குறிப்புகள், அதாவது கருவிக்கான வாசிப்புக் கட்டளைகள்தான் உண்டு. அதனால்தான் அது சில பத்து கிலோபைட்டில் அடங்கிவிடுகிறது.

பாட்டியின் சமையல் குறிப்பை இன்றைய மளிகைச் சாமானில் செய்வது போல. "ஒரு கரண்டி மிளகாய்த்தூள்" என்ற வரி மாறவில்லை. தூளின் காரம் மாறிவிட்டது. அப்படித்தான் பழைய ஸ்டைல் கோரும் டிரம் கிட் புதிய கருவியில் கணீரென்று ஒலித்து, பேஸை அமுக்கிவிடும். முதலில் மிக்ஸரில் டிரம்ஸைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். எனக்குப் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு பேஸ், கிட்டார் வாய்ஸ்களை ஒவ்வொன்றாக மாற்றி, கீபோர்டிலேயே ஸ்டைலைத் திருத்த உதவும் ஸ்டைல் கிரியேட்டரில் வேறு பெயரில் சேமியுங்கள். மூலக் கோப்பை அழிக்கவே அழிக்காதீர்கள்.

எதிர்த்திசைதான், அதாவது புதிய ஸ்டைலைப் பழைய கருவியில் ஏற்றுவதுதான் சிக்கல். 2008இல் யமஹாவின் டைரோஸ் 3 கீபோர்டுடன் வந்த புதிய ஸ்டைல் வடிவத்தை அதற்கு முந்தைய கருவிகளுக்காக மாற்றித்தான் தர வேண்டும்.

பழைய ஸ்டைலை ஏற்றினால் பழைய கீபோர்டின் ஒலியும் கூடவே வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வருவது வாசிப்பு மட்டுமே, ஒலி உங்கள் புதிய கருவியுடையது.