மீத்தேன் காட்டிக் கொடுத்த பழுப்புக் குறுமீன்

கேள்வி: மங்கலான பழுப்புக் குறுமீன்களின் வளிமண்டலத்தில் இன்னின்ன வாயுக்கள் உள்ளன என்று எவ்வாறு அறிகிறார்கள்?

பதில்: பழுப்புக் குறுமீன்கள், விண்மீன்களைப்போல் எரியும் அளவுக்கு நிறை இல்லாத பொருள்கள். இவை கண்ணுக்குப் புலப்படும் ஒளியை மிகக் குறைவாகவே வெளியிட்டாலும், உள்வெப்பத்தால் அகச்சிவப்புக் கதிர்களை உமிழ்கின்றன. அக்கதிர்கள் மேலடுக்குகளைக் கடந்து வருகையில் ஒவ்வொரு மூலக்கூறும் தனக்குரிய அலைநீளங்களை உறிஞ்சிக்கொள்வதால், நிறமாலையில், அதாவது ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்த பதிவில், அவ்விடங்கள் மங்கித் தெரியும்.

ஏறத்தாழ 19 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கிளீஸ் 229பி என்ற பழுப்புக் குறுமீன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1995இல் பாலோமர் வானாய்வகத்தில் பதிவான அதன் நிறமாலையில் நீராவியோடு மீத்தேனும் தென்பட்டது. விண்மீன்களின் கடும் வெப்பத்தில் மீத்தேன் நிலைக்காது. அங்கே கார்பன் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடாகவே இருக்கும். ஆகவே, இது விண்மீனாக இருக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்த பொருள், அதாவது ஏறத்தாழ 1,000 கெல்வின் வெப்பநிலை கொண்டது, என்பது ஐயமின்றித் தெளிவாயிற்று.

என் பார்வையில், அடுத்து வந்த செய்திதான் இன்னும் சுவையானது. அந்தக் குளிர்ச்சியில் இருக்கக்கூடாத அளவுக்கு அங்கே கார்பன் மோனாக்சைடும் காணப்பட்டது. ஆழத்திலுள்ள வெப்பமான வாயு, மீத்தேனாக மாறுவதற்குள் மேலே கிளறிவிடப்படுகிறது என்பதே இதற்கான விளக்கம். அசையாத நிறமாலைக் கோடுகளிலிருந்து காற்றோட்டத்தையும் படிக்க முடிகிறது. இத்தனை ஆய்வுக்குப் பிறகு, கிளீஸ் 229பி ஒன்றல்ல, ஒன்றையொன்று சுமார் 12 நாளில் சுற்றிவரும் இரண்டு குறுமீன்கள் என்பது 2024இல்தான் தெரியவந்தது.