வாசகர் கேள்விகள்: ஜெர்மனியில் தலைக்கட்டு வரி

(ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் இரண்டு வருடம் படித்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், வெளிநாடு போகிற பிள்ளைகளைப் பற்றிய கேள்விகளையெல்லாம் ஆசிரியர் என் தலையில் கட்டிவிட்டார்.)

கேள்வி: மகன் மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறான். அங்கே மதம் என்ன என்று எழுதி வாங்குவார்களாமே? நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. பயமாக இருக்கிறது. — ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: பயப்பட ஒன்றுமில்லை அம்மா. போனதும் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் மதத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. நானும் ஏதோ வம்பு என்றுதான் பேனாவை வைத்துக்கொண்டு முழித்தேன். விஷயம் வரி. சர்ச்சில் சேர்ந்தவர்கள், கட்டுகிற வருமான வரியில் 9 சதவீதத்தைச் சர்ச்சுக்கென்று தனியாகக் கட்ட வேண்டும். பவேரியாவிலும் பாடன்-வூட்டம்பெர்க்கிலும் 8. உங்கள் சபையில் சங்கக் காணிக்கை உண்டே, அதைக் கவர்மெண்டே சம்பளத்தில் பிடித்துக் கொடுத்தால் எப்படி, அப்படி. வருமான வரி கட்டுகிற அளவுக்குச் சம்பாதிக்காத மாணவனுக்கு இது வராது. தெரிந்தே எழுதட்டும்.

எனக்கு அன்றைக்கு எங்கள் சுடலைமாடன் கோயில் கொடை ஞாபகம் வந்தது. கொடை என்றால் திருவிழா. அதற்குத் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போட்டு, நோட்டும் மஞ்சப்பையுமாக வீடு வீடாக வருவார்கள். கல்யாணமாகாதவன் தலைக்கட்டில் சேர்த்தி இல்லை. ஆக, ஊரிலும் நான் வரி கட்டாதவன், அங்கேயும் கட்டாதவன்.

என்னோடு படித்த ஜெர்மன்காரர் ஒருவர், எழுதிக் கொடுத்துவிட்டு சர்ச்சை விட்டு விலகியவர். வரிக்காகத்தான் என்று ஒளிக்காமல் சொன்னார். ‘உங்கள் ஊரில் எப்படி விலகுவீர்கள்?’ என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் வரி பாக்கி வைத்தவனைக் கொடையன்று நாலு பேர் ஜாடையாகப் பேசுவார்கள், அவ்வளவுதான். ‘இனி சுடலை எனக்கு வேண்டாம்’ என்று எழுதிக் கொடுக்க எந்த ஆபீஸுக்குப் போவது? அப்படியே கொடுத்தாலும் சுடலை ஒத்துக்கொள்ள வேண்டாமா? பதில் சொல்லத் தெரியாமல் சிரித்துவைத்தேன்.

கேள்வி: அங்கே கோயிலே கிடையாதா? — தென்காசி வாசகர்

பதில்: இருக்கிறது ஐயா. ஹாம் நகரத்தில் ஈழத்தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயிலில் 2002-இல் கும்பாபிஷேகம் நடந்தது. சுற்றிலும் தொழிற்சாலைகள், நடுவில் கோபுரம். கோடையில் தேர் ஓடும், தீர்த்தம் கப்பல் போகிற கால்வாயில். நெல்லையப்பர் ஆனித்தேர் பார்த்த கண்ணுக்குத் தேர் சின்னதுதான். ஆனால் வடம் பிடிக்க இடம் கிடைக்கும்.

கேள்வி: ஹாஸ்டல் ரூமில் சூடம் காட்டலாமா? — கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: காட்டாதே தம்பி. பெரிய கார்த்திகையன்று நான் காட்டினேன். கூரையிலிருந்த புகைக்கருவி போட்ட சத்தத்தில் அந்த மாடியே வராந்தாவுக்கு வந்துவிட்டது. பக்கத்து அறை சிரியாக்காரப் பையன்தான் ஸ்டூலில் ஏறித் துண்டால் விசிறி அதை அடக்கினான். பிறகு உட்கார்ந்து கொழுக்கட்டை தின்றான்.

அந்தக் கொழுக்கட்டையைத்தான் சொல்ல வேண்டும். நம் பக்கம் கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை இல்லாமல் முடியுமா? பனையோலைக்கு எங்கே போக? ரொட்டி சுடுகிற காகிதத்தில் மாவைப் பொதிந்து அவித்தேன். கருப்பட்டி ஊரிலிருந்து கொண்டுபோனது, ஏலக்காய், சுக்கு எல்லாம் இருந்தது. வாயில் வைத்தால் வெறும் இனிப்பு மாவு. அந்தப் பச்சை ஓலை வாசம்தான் கொழுக்கட்டை என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியே நாலு மணிக்கே இருட்டு. கிறிஸ்துமஸ் வருகிறதென்று ஜன்னலுக்கு ஜன்னல் வில் மாதிரி வளைந்த மரச்சட்டத்தில் விளக்கு வைத்திருந்தார்கள். தெருவில் நடந்தால் நம்மூர்க் கார்த்திகைதான், குளிரைத் தவிர.

கேள்வி: நம் சாமிகளைப் பற்றி அங்கே யாருக்காவது தெரியுமா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், வள்ளியூர்

பதில்: 300 வருடமாகத் தெரியும் சார். ஹாலேயில் படித்த சீகன்பால்கு என்ற ஜெர்மன் மிஷனரி 1706-இல் தரங்கம்பாடி வந்தார். 1713-இல் நம் தெய்வங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி முடித்தார். ஐயனார்கூட அதில் உண்டு. அதை அனுப்பியபோது ஹாலேயிலிருந்த மிஷன்காரர்கள் அச்சில் ஏற்றவில்லை. பொய்த் தெய்வங்களை ஒழிக்கப் போனவர் அவற்றின் கதையை இங்கே பரப்புவதா என்ற கோபம். கடைசியில் 1867-இல் சென்னையில்தான் அச்சானது. வந்த வேலையை மறந்து நம் சாமிகளின் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாரே, அந்த மனுஷனை எனக்குப் பிடித்துப் போயிற்று.

அந்த மிஷன் அனுப்பிய தமிழ்ச் சுவடிகள் ஹாலேயில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. ஒருநாள் போய்ப் பார்த்தேன். ஒரு முழ ஓலைக்கு அலைந்த ஊரில் கட்டுக்கட்டாக ஓலை! மோந்து பார்க்கலாமா என்று கேட்க வெட்கமாக இருந்தது.